சங்கத்துக்கு வலைப்பதிவா, விக்கியா?

கேள்வி: 2023 செப்டெம்பர் 3

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளைக்கு அடுத்த வருடம் 50 வயது. மலர் அடிப்பதோடு நிற்காமல் இணையத்திலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவு. வலைப்பதிவு தொடங்கு என்கிறது ஒரு பகுதி, விக்கி போடு என்கிறது இன்னொரு பகுதி. செயலாளர் என்றபடியால் என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு இரண்டிலும் அனுபவம் இல்லை. வெள்ளவத்தை அண்ணை முந்தி இரண்டையும் செய்து பார்த்தவர் என்று கேள்விப்பட்டேன். எது சரிவரும்? ஏழு பேர் கொண்ட ஆசிரியர் குழு ஒன்று வைத்து, வருவதையெல்லாம் பார்த்துத் திருத்தி ஏற்றலாம் என்பது என் யோசனை.

வெள்ளவத்தை அண்ணையின் பதில்: 2023 செப்டெம்பர் 3, இரவு 9.20

வலைப்பதிவு. யோசிக்கவே வேண்டாம்.

2006இலிருந்து எழுதி வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வலைப்பதிவுக்கு ஒரு ஆள் இருக்கிறார், ஒரு திகதி இருக்கிறது. இன்று எழுதியது மேலே, நேற்று எழுதியது கீழே. வாசித்தவர் அடியில் பின்னூட்டம் போடுவார், நீர் பதில் சொல்வீர். எழுபது வயதுக்காரருக்கும் இது விளங்கும், அவர் டயறி எழுதிப் பழகியவர். விக்கியில் எவரும் எவருடைய வரியையும் மாற்றலாம். பக்கத்தில் பெயர் இல்லை. திகதி வேண்டுமென்றால் பின்பக்கம் போய்த் தேட வேண்டும். எங்கள் சங்கத்தில் (வேறு பள்ளிக்கூடம்) 2011இல் விக்கி ஒன்று தொடங்கினோம். அங்கத்தவர் 200க்கு மேல். உள்ளே வந்து ஒரு வரியாவது தொகுத்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் "தம்பி, எழுதித் தாறன், நீங்களே போட்டு விடுங்கோ" என்று கடுதாசியில் தந்தார்கள்.

கடுதாசியில் எழுதித் தருகிறவருக்கு விக்கி எதற்கு?

2023 செப்டெம்பர் 4, காலை 6.50

உமது கடைசி வரியை நேற்றுக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஏழு பேர் ஆசிரியர் குழு. தம்பி, அதை முதலில் கைவிடும்.

விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள் நியூபீடியா என்று ஒன்று நடத்தினார்கள். 2000இல் தொடங்கியது. துறை அறிந்தவர்கள் எழுத வேண்டும், எழுதியது ஏழு படி தாண்ட வேண்டும், அதன் பிறகுதான் ஏறும். முதல் வருடம் ஏறியவை 21 கட்டுரைகள். அலுத்துப்போய், எழுதுகிறவர்கள் வரைவு போட்டுப் பழக ஒரு இடமாக 2001 ஜனவரி 15 அன்று பக்கத்தில் ஒரு விக்கியைத் திறந்தார்கள். அதுதான் விக்கிப்பீடியா. முதல் வருடத்துக்குள் பதினெட்டாயிரம் கட்டுரைகளைத் தொட்டது. நியூபீடியா 2003இல் மூடப்பட்டது.

ஏழு பேரும் உத்தியோகக்காரர். ஒருவர் அவுஸ்திரேலியா போயிருப்பார், ஒருவருக்கு மகளின் கலியாணம். எங்கள் மலர்க் குழு ஒரு நினைவுக் கட்டுரையை எட்டு மாதம் வைத்திருந்தது, வேறொன்றுக்காகவும் அல்ல, மூன்றாவது ஆள் வாசித்து முடிக்கவில்லை. எழுதியவர் அதற்குள் இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பிறகு கேட்கவில்லை.

ஆனால் இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் நேற்று நான் சொன்னதற்கு எதிராகவே கதை போகிறது. விக்கியின் பலம் அந்தத் திறந்த கதவுதான். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் விட்டபோது அவருக்கு வேண்டியிருந்தது, நிரலாளர்கள் தாங்கள் கண்டுபிடித்த வழிமுறைகளைத் தாமதமில்லாமல் ஒரு இடத்தில் போட்டு, ஒருவர் போட்டதை மற்றவர் செப்பனிடுவது. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. விரைவுக்காகப் பிறந்ததை "எல்லாரும் பார்த்துச் சரி சொன்ன பிறகு ஏற்றுவோம்" என்று கட்டி வைத்தால் அது விக்கியாக இராது.

வேலைக்கு நேரமாகிறது. மிச்சம் பிறகு.

2023 செப்டெம்பர் 4, மதியம் 1.10

"இரண்டும் எதற்கு, வட்ஸ்அப் குழு இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் குழுவில் மூன்று வருடத்துக்கு முன் அதிபர் ஒருவரின் படம் வந்திருக்கும், யார் யார் நிற்கிறார்கள் என்று பெரியவர் ஒருவர் குரல்பதிவில் சொல்லியிருப்பார். இப்போது அதைத் தேடி எடுத்துத் தாருங்கள். காலை வணக்கங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் அடியில் அது எங்கே கிடக்கிறது? தொலைபேசி மாற்றியவரிடம் அதுவும் இல்லை.

2023 செப்டெம்பர் 6, இரவு 10.05

2006ஐச் சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

வெப்லொக் என்ற சொல் 1997இல் வந்தது, அது புளொக் என்று குறுகியது 1999இல். அதே வருடம் புளொகர் என்ற வலைப்பதிவுச் சேவை வந்தது, 2003இல் கூகிள் அதை வாங்கியது. எங்களுக்குப் பிரச்சினை எழுத்துருவில் இருந்தது. நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள். பாமினியில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சுரதா என்பவர் செய்த எழுத்துரு மாற்றியில் பாமினியைப் போட்டு, எந்தக் கணனியிலும் தெரியும் யுனிகோடாக எடுப்போம், பிறகு ஏற்றுவோம். காலி வீதியோரம் மாடியில் ஒரு நெற் கபே. இரவு ஒன்பதுக்குச் சோதனைச் சாவடி தாண்டி வீடு வர வேண்டும், அதனால் எட்டரைக்கு எழும்பிவிடுவேன். முடியாத பதிவை எனக்கு நானே மின்னஞ்சல் செய்துவிட்டு வருவேன்.

தமிழ்மணம் என்று ஒரு திரட்டி 2004இலிருந்து இருந்தது, காசி ஆறுமுகம் தொடங்கியது. நான் வெள்ளவத்தையில் ஒரு பதிவு போட்டால் அதன் தலைப்பு அங்கே தெரியும். அரை மணித்தியாலத்தில் ரொறன்ரோவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பின்னூட்டத்தில் சண்டை பிடிப்பார்கள், பிழை திருத்துவார்கள், தங்கள் வலைப்பதிவில் மறுப்பு எழுதி இணைப்புத் தருவார்கள். அந்த மறுப்புக்கு நான் இன்னொரு பதிவு. அது கூட்டு வேலைதான், ஒருவர் எழுதியதை மற்றவர் தொடாமல் செய்யும் கூட்டு வேலை. விக்கியில்தான் கூட்டு முயற்சி, வலைப்பதிவு தனிக் கச்சேரி என்று எழுதுகிறவர்கள் அந்த வருடங்களைக் காணாதவர்கள்.

திரட்டிகள் போன பிறகு அது குறைந்தது. புதிய பதிவுகளைச் சேர்த்துக் காட்டிய கூகிள் ரீடர் 2013 யூலையில் மூடப்பட்டது, அதற்குள் பின்னூட்டம் போட்டவர்கள் முகநூலுக்குப் போய்விட்டார்கள். இப்போது நீர் வலைப்பதிவு தொடங்கினால் அந்தக் கூட்டம் தானாக வராது. முதல் நாள் "யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியபோது என் மனதில் இருந்தது 2006இன் வலைப்பதிவு. உமக்குக் கிடைக்கப் போவது 2023இன் வலைப்பதிவு. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

2023 செப்டெம்பர் 9, இரவு 11.30

ஏன் விக்கி வேண்டாம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ஆறு பேர்தான் வந்தார்கள் என்பது பாதிக் காரணம். மிச்சம் இது.

எங்கள் சங்கத்தில் ஒரு ஐயா இருந்தார். புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். 1983இல் கிளையின் பொருளாளர். விக்கி தொடங்கியதும் முதலில் எழுதித் தந்தவர் அவர். கோடு போட்ட கொப்பியில் பதினொரு பக்கம், நீல மை, ஒரு வெட்டுக் கூட இல்லை.

1983 யூலை 25, திங்கட்கிழமை. வெள்ளவத்தையில் வாடகை வீடு. சனம் ஒழுங்கைக்குள் வருகிறது என்று பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் மதிலுக்கு மேலால் சொல்கிறார். பிள்ளைகளை அவர் வீட்டு மதிலால் இறக்கிவிட்டு, ஐயா திரும்ப உள்ளே ஓடுகிறார். அலுமாரியில் சங்கத்தின் பற்றுச்சீட்டுப் புத்தகமும் சந்தாக் காசு 340 ரூபாவும் இருக்கின்றன. மனைவியின் தாலிக்கொடி அவர் கழுத்தில், மற்ற நகை அடைவு கடையில். எடுப்பதற்கு வேறொன்றும் அவருக்கு அந்த நேரம் தோன்றவில்லை. காசையும் புத்தகத்தையும் பெனியனுக்குள் வைத்துக்கொண்டு மதில் ஏறினார். அகதி முகாமில் பன்னிரண்டு நாள். பிறகு கப்பலில் காங்கேசன்துறை. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், அதிபரின் மேசையில் 340 ரூபாவையும் எண்ணி வைத்துக் கையெழுத்து வாங்கினார். முகாமில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கையில் காசில்லாத நாளிலும் அதில் தொடவில்லை என்று ஒரு வரியில் எழுதியிருந்தார்.

நான் அதை விக்கியில் ஏற்றினேன். அப்போது எனக்குத் தமிழ் விக்கிப்பீடியாப் பழக்கம். நடுநிலை நோக்கு, சான்று, 'நான்' வரக்கூடாது, இவையெல்லாம் தலையில் இருந்தன. கிளையின் வரலாறு என்ற பக்கத்தில் பதினொரு கொப்பிப் பக்கத்தை இப்படி ஆக்கினேன்: "1983 யூலைக் கலவரத்தின்போது அங்கத்தவர் பலர் இடம்பெயர்ந்தமையால் கிளையின் செயற்பாடுகள் தடைப்பட்டன. கிளையின் நிதி பாதுகாப்பாகத் தாய்ச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது." இரண்டாவது வரிக்குப் பின்னால் சிறிய எழுத்தில் 'சான்று தேவை' என்றும் போட்டேன். அப்படிப் போடுவதுதான் முறை என்று நினைத்தேன்.

ஐயாவின் மகள் அச்செடுத்துக் காட்டியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. கடுதாசியை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, சான்று தேவை எண்டால் என்ன?"

விளங்கப்படுத்தினேன்.

"நான்தானே கொண்டு போனனான்" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "அந்த முந்நூற்று நாற்பது ரூபா இதிலை எங்கை இருக்கு?"

2012இல் அவருடைய பதினொரு பக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டச்சு செய்து, அவர் பெயரில், சங்கத்துக்கென்று வலைப்பதிவு ஒன்று திறந்து போட்டேன். விக்கியை அதன் பிறகு நாங்கள் கவனிக்கவில்லை. இதுதான் காரணம்.

2023 செப்டெம்பர் 10, காலை 7.15

இரவு எழுதியதை வாசித்துப் பார்த்தேன். விக்கி ஐயாவின் குரலை அழித்தது என்று படுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். அழித்தது நான்.

மென்பொருள் அழிக்கவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். முதலில் நான் செய்தது அவர் தந்ததை முழுவதுமாக ஏற்றியது, மறுநாள்தான் சுருக்கினேன். விக்கியை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கியில் 'வரலாற்றைக் காட்டவும்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தத் திகதி, எந்த நேரம், யார், எந்த வரியை எடுத்தார் என்பது வரிசையாக வரும். இரண்டு பதிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்கலாம், ஒரு சொடுக்கில் பழையதை மீட்கலாம். 2012இல் நான் திரும்பத் தட்டச்சு செய்யத் தேவையில்லாமல் அங்கிருந்துதான் எடுத்தேன். எழுத்துக்கு எழுத்துத் தட்டச்சு செய்தேன் என்று இரவு எழுதியது தவறு. கொப்பியோடு ஒப்பிட்டுச் சரி பார்த்தது மட்டும்தான்.

2023 செப்டெம்பர் 10, மாலை 5.40

வலைப்பதிவில் அது இல்லை. புளொகரில் ஒரு பதிவை மாற்றினால் வாசிக்க வருகிறவருக்குப் பழையது தெரியாது. வேர்ட்பிரஸ் என்ற மற்ற வலைப்பதிவு மென்பொருளில் பழைய பதிப்புகள் இருக்கும், ஆனால் உள்ளே நுழைய உரிமையுள்ளவருக்கு மட்டும். இதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதுவும் ஐயாவின் பதிவுதான்.

லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை போனதாக அவர் எழுதியிருந்தார். 2014இல் ஒரு அம்மா பின்னூட்டம் போட்டார்: "நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து சிதம்பரம் கப்பலில் போனோம். லங்கா கல்யாணி என்பது பிழை." எழுத்தில் அவ்வளவு உறுதி. அம்மாவின் கணவர் எங்கள் சங்கத்தில் முந்தித் தலைவராக இருந்தவர், அதனால் நானும் யோசிக்கவில்லை. பதிவுக்குள் போய்க் கப்பலின் பெயரைச் சிதம்பரம் என்று மாற்றினேன். மாற்றியதாகக் குறிப்புப் போடவில்லை. அம்மாவுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினேன்.

ஐயா அதை ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தார். அவர் போனது லங்கா கல்யாணிதான். இந்தியா அனுப்பிய சிதம்பரமும் சனத்தை ஏற்றிக்கொண்டு போனது, லங்கா கல்யாணியும் போனது. அம்மா ஏறியது ஒன்று, ஐயா ஏறியது மற்றது. இருவர் சொன்னதும் சரி. நடுவில் நின்று பிழையாக்கியவன் நான்.

திருத்தினேன். ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு தளங்கள் ஐயாவின் பதிவைப் பிரதி எடுத்துவிட்டன, சிதம்பரம் என்ற பெயரோடு. அவை இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. ஐயா 2016இல் காலமானார்.

விக்கியாக இருந்திருந்தால் என் திருத்தம் வரலாற்றில் என் பெயரோடு தெரிந்திருக்கும். அம்மா அந்தப் பக்கத்தோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதியிருப்பார், ஐயாவுக்கு யாராவது காட்டியிருப்பார்கள். இரண்டு கப்பல் என்ற விசயம் அங்கேயே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பின்னூட்டம் பக்கத்தின் அடியில் கிடக்கும். மேலே இருப்பதை அது தொடாது.

2023 செப்டெம்பர் 13

"அப்ப விக்கிதான் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர். பொறும்.

2004 டிசம்பர் 26 கடல்கோள். வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணற்காட்டில் சொந்தக்காரர், தொலைபேசி எடுபடவில்லை. அந்த நாட்களில் மும்பையில் இருந்த சில வலைப்பதிவர்கள் சுனாமிஹெல்ப் என்று புளொகரில் ஒரு வலைப்பதிவு திறந்தார்கள். சில நாளுக்குள் பல நாட்டிலிருந்தும் தொண்டர்கள் சேர்ந்தார்கள். இலங்கையின் தெற்குக் கரையிலிருந்து ஒருவர் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பியவற்றை இந்தியாவிலிருந்த நண்பர்கள் வலைப்பதிவில் ஏற்றினார்கள். அந்தச் செய்திகளுக்கு வலைப்பதிவு சரியான இடம். எத்தனை மணிக்கு, யார், எதைக் கண்டார் என்பதே அங்கே விசயம்.

ஆனால் எந்த வைத்தியசாலைக்கு என்ன தேவை, எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்ற விபரங்களும் அதே வலைப்பதிவில்தான் வந்தன. காலையில் போட்டது மாலையில் இருபது பதிவுக்குக் கீழே. இலக்கம் மாறினாலும் பழைய பதிவு பழைய இலக்கத்தோடு நிற்கும். அவர்கள் பக்கத்தில் ஒரு விக்கி திறந்து பட்டியல்களை அங்கே கொண்டு போனார்கள். ஒரு பக்கம், எப்போதும் கடைசி நிலவரம், யார் கண்டாலும் திருத்தலாம்.

ஒரே ஆட்கள், ஒரே அவலம், ஒரே கிழமை. இரண்டும் தேவைப்பட்டன.

2023 செப்டெம்பர் 14, காலை

நீர் சேர்க்கப் போகும் விபரங்களை இதே கண்ணால் பாரும். அதிபர்கள் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, கிளையின் தலைவர் செயலாளர் பொருளாளர், எந்த மண்டபம் யார் கொடுத்த காசில், எந்த வருட அணி எங்கே வென்றது: இவை எவருடைய குரலும் அல்ல. 1991இல் செயலாளர் யார் என்று நீர் பிழையாகப் போட்டால் அவரே வந்து திருத்துவார். திருத்தட்டும். இதற்கு விக்கி.

2023 செப்டெம்பர் 17, இரவு

ரொறன்ரோவா டொராண்டோவா, விக்கியில் எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு.

இந்தச் சண்டை உங்களுக்கும் வரும். எங்களுக்கு வந்தது. கனடாவில் இருப்பவர் ரொறன்ரோ என்று எழுதுவார். சென்னையில் வளர்ந்த அவருடைய மருமகள் டொராண்டோ என்று மாற்றுவார். காலையில் மீண்டும் ரொறன்ரோ. வலைப்பதிவில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, அவரவர் எழுத்து அவரவர்க்கு. ஒரே பக்கத்தை இருவர் எழுதும்போதுதான் பேசித் தீர்க்க வேண்டி வருகிறது.

தமிழ் விக்கிப்பீடியா இதை வருடக்கணக்காகப் பேசியிருக்கிறது. 2003இல் தொடங்கியது அது. ஆரம்பத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர் எங்கள் நாட்டவர், மயூரநாதன். 2017இல் ஒரு இலட்சம் கட்டுரையைத் தாண்டியது. அங்கே இலங்கை வழக்கில் எழுதுவோர், தமிழ்நாட்டு வழக்கில் எழுதுவோர், கிரந்த எழுத்துக் கூடவே கூடாது என்போர், வேண்டும் என்போர் எல்லாரும் இருக்கிறார்கள். பொது விசயம் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கும் கட்டுரைகளின் உரையாடல் பக்கங்களிலும் நடந்த வாதங்களை நான் இரவிரவாக வாசித்திருக்கிறேன். யப்பானா ஜப்பானா என்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றும். வாசித்து முடிக்கும்போது, யாழ்ப்பாணத்தில் ஆங்கில t ஒலிக்கு ஏன் 'ற்ற'வையும் 'ரி'யையும் பாவிக்கிறோம் என்று எனக்கே முதல்தடவையாக விளங்கியது. கட்டுரையை விட அதன் உரையாடல் பக்கம் எனக்குப் பெறுமதியாக இருந்த நாட்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சங்கத்தின் கதையைத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது கலைக்களஞ்சியம். வெளியே நம்பகமான இடத்தில் வெளியானதைத்தான் அங்கே எழுதலாம், நேரில் கண்டதை எழுத முடியாது. அந்த விதி அங்கே நியாயமானது. நான் செய்த பிழை அந்த விதியை எங்கள் சொந்த முற்றத்துக்குக் கொண்டு வந்தது. உங்கள் விக்கிக்கு உங்கள் விதியை நீங்களே எழுதுங்கள்.

2023 செப்டெம்பர் 18

விதி எழுதச் சொன்னேன். எங்களிடம் இருந்திருக்க வேண்டிய முதல் விதி: எவருடைய நினைவையும் அவர் சம்மதமில்லாமல் தொடக்கூடாது. மீடியாவிக்கியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் காப்புப் போடலாம். உரையாடல் பக்கத்தைத் திறந்து விடலாம். நினைவு பூட்டியிருக்கும், அதைப் பற்றிய பேச்சு திறந்திருக்கும். இது 2011இல் தெரிந்திருந்தால்.

2023 செப்டெம்பர் 24, இரவு 9

கடவுச்சொல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இதுதான் இரண்டையும் கொல்லுவது.

எங்கள் விக்கிக்கு இடம் வாங்கியது அப்போதைய உதவிப் பொருளாளர், தன் கடன் அட்டையில். அவர் நாட்டை விட்டுப் போனார், அட்டை காலாவதியானது, நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவருடைய பழைய அலுவலக முகவரிக்குப் போயின. ஒரு நாள் தளம் இல்லை. அதற்கு முன்னரே, கவனிக்க ஆளில்லாத திறந்த விக்கி என்றபடியால் விளம்பரக்காரர்கள் புகுந்து ஆயிரக்கணக்கில் குப்பைப் பக்கம் திறந்திருந்தார்கள். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் தினமும் பார்க்க ஒருவர் இல்லையென்றால் விக்கி தொடங்கக்கூடாது. வீட்டு முற்றம் கூட்டுகிற மாதிரி, ஒரு நாள் விட்டால் தெரியாது, ஒரு மாதம் விட்டால் பாம்பு வரும்.

வலைப்பதிவு அப்படிச் சாகாது. எழுதுவதை நிறுத்தினால் அப்படியே உறைந்து நிற்கும். என் நண்பர் ஒருவர் 2009இல் எழுதுவதை நிறுத்தினார், இன்று உயிரோடும் இல்லை. அவருடைய வலைப்பதிவு இலவச இடத்தில் இருப்பதால் இன்றும் திறக்கிறது. எழுத்து இருக்கிறது, படங்கள் இல்லை. படங்களை வேறொரு இலவசத் தளத்தில் வைத்து இணைத்திருந்தார், அந்தத் தளம் விதியை மாற்றியதும் எல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகள். நல்லூர்த் தேர் என்று தலைப்பு, கீழே பெட்டி.

ஆகவே இடம் சங்கத்தின் பெயரில், மின்னஞ்சல் சங்கத்தின் பெயரில், கடவுச்சொல் மூன்று பேரிடம். அதில் ஒருவர் முப்பதுக்குக் கீழே. படம் உங்கள் சொந்த இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருக்கா முழுவதையும் இறக்கி ஒரு வன்தட்டில் வையுங்கள், அந்த வன்தட்டு செயலாளர் மாறும்போது கை மாற வேண்டும். 2022இல் நாள் முழுக்க மின்வெட்டு இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் கணனி பழுதானது. ஒரே ஒரு பிரதியை நம்ப வேண்டாம்.

எழுதித் தருகிறவரிடம் உரிமம் பற்றி எழுத்தில் கேளுங்கள். படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் கொமன்ஸ்) உரிமத்தில் விட்டால் பெயர் சொல்லி எவரும் எடுத்தாளலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். பின்னால் பிள்ளைகள் வந்து "அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்று நிற்காமல் இருக்கும்.

2023 செப்டெம்பர் 25

மறந்தது: பழைய மலர்கள். அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்து நேரத்தை விட வேண்டாம். 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிற்றல்) நூலகத் திட்டத்தினரிடம் கேளும், ஈழத்து மலர்கள், சஞ்சிகைகள், நூல்களை வருடி (ஸ்கான் செய்து) ஏற்றுகிறார்கள். 2005இலிருந்து செய்கிறார்கள். அந்தத் தளமே மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது, பக்கத்தைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு மலருக்கும் ஒரு பக்கம், உள்ளடக்கம், வகைப்பாடு. ஒருவர் தன் தாத்தாவின் பெயரைத் தேடினால் எந்த மலரில் எழுதினார் என்று வரும். உங்கள் கிளை 1980களில் அடித்த மலர் ஒன்று கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருக்கிறதா என்று 57ஆம் ஒழுங்கைக்கு ஒருக்காப் போய்ப் பாரும்.

2023 ஒக்டோபர் 1

கூட்டத்தில் சொல்ல ஒரு வரியில் கேட்டீர். நினைவுகள் வலைப்பதிவில், எழுதியவர் பெயரில், திகதியோடு, கை வைக்காமல். விபரங்கள் விக்கியில், எல்லாரும் திருத்த. விக்கியில் 1983 என்று வரும் இடத்திலிருந்து அந்த நினைவுக்கு இணைப்பு. ஆள் குறைவென்றால் வலைப்பதிவை முதலில் தொடங்கி, தினமும் பார்க்க ஒருவர் கிடைத்த பிறகு விக்கி. முதல் நாள் நான் சொன்ன விடைக்குக் கிட்ட வந்து நிற்கிறேன், ஆனால் அன்று சொன்ன காரணங்களில் பாதி இன்று என்னிடம் இல்லை.

2023 ஒக்டோபர் 8, இரவு 8.45

கப்பல் விசயத்தில் பின்னூட்டம் போட்ட அம்மாவோடு இன்று கதைத்தேன். ஒன்பது வருடம் கழித்து. இதை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து மனதுக்குள் இருந்தது. ஐயாவின் பதிவைத் திருத்திவிட்டேன், ஆனால் அம்மா போன கப்பலைப் பற்றி எங்கும் எழுதவேயில்லை. அது அந்தப் பின்னூட்டத்தின் இரண்டு வரியோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு இப்போது 84. தெகிவளையில் மகள் வீட்டில் இருக்கிறார்.

கணவர்தான் எங்கள் சங்கம். அம்மா படித்தது உங்கள் பள்ளிக்கூடம், தம்பி. 1950களில். எனக்கு இன்றுதான் தெரியும். சிதம்பரம் கப்பலில் தன்னோடு உங்கள் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வந்ததாகவும், மேற்தட்டில் பிள்ளைகளை இருத்தி இரவு முழுக்கப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததாகவும் சொன்னார். பெயர் சொன்னார், இங்கே போடவில்லை. உமது அதிபர், ஆசிரியர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாரும்.

எழுதித் தரக் கை நடுங்குகிறது, சொல்லுகிறேன் என்றார். வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நீர் அங்கே வருவீர் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். தொலைபேசியில் பதிவு செய்தால் போதும், ஆனால் முழுதாக மின்னேற்றிக்கொண்டு வாரும். தட்டச்சு செய்ததை அடுத்த கிழமை கொண்டு போய் வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் இரும்.